சாவா மூவா முதல்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு இராசராசன் காலக் கல்வெட்டுகள் வகுத்த கணக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. கோயில் அவற்றைத் தன் கொட்டிலில் கட்டிக்கொள்ளவில்லை. இடையர்களிடம் ஒப்படைத்து நாள்தோறும் நெய்யை அளந்து வாங்கியது. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகளில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், மூப்படையும் என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. குட்டிகளை வளர்த்து, செத்ததை ஈடுகட்டி, 96 என்ற தொகையை அப்படியே வைத்திருப்பது பொறுப்பேற்றவரின் கடமை.

பணத்துக்கும் இதே ஏற்பாடுதான். கோயிலுக்கு வந்த காசு காவிரி டெல்டாவின் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. நெல்லாக அளப்பதானால் காசுக்கு மூன்று குறுணி. அன்றைய விலையில் ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. ஆக 24 குறுணியில் எட்டில் ஒரு பங்கு மூன்று குறுணி. இரண்டு கணக்கும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன. எந்த ஊர்ச் சபை எவ்வளவு வாங்கியது, வட்டியை எந்தச் செலவுக்கு அளக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லில் உண்டு. திருமஞ்சன நீரில் இடும் ஏலத்துக்கும் சண்பக மொட்டுக்கும் இலாமிச்ச வேருக்கும்கூடத் தனித்தனி முதல் இருந்தது.

விளக்குக்கும் பூவுக்கும் மட்டும் வந்த யோசனை அன்று இது. கோயிலைப் பழுதுபார்க்க இறையிலியாக விட்ட நிலத்தைப் புதுக்குப்புறம் என்றும், ஏரியைப் பேண விட்டதை ஏரிப்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. உத்திரமேரூரில் வைரமேகத் தடாகத்தை ஆண்டுதோறும் தூர்வாரச் சபையிடம் முதல் வைத்து, அதன் வருவாயைச் செலவிடும் ஏற்பாடு பல்லவர் காலத்திலேயே இருந்தது. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் அவ்வூர் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது.

பலருக்குப் பொதுவான ஒரு கட்டுமானத்தைக் காப்பதில் இன்றும் தீராத கேள்வி ஒன்று உண்டு. பழுது வருமுன் பணம் எடுத்துவைக்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சோழர் கால ஏற்பாட்டில் அந்த உரிமை யாருக்கும் தரப்படவில்லை. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்குழுவின் கையிலும் இருக்கிறது.

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் ஸ்ரீரங்கத்திலும் கடந்த முப்பது ஆண்டுகளில் பழைய ஓட்டு வீடுகளும் தோட்டங்களும் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. நகரின் ஓரங்களில் வயலைத் தூர்த்து மனையாக்கிய நிலத்திலும் எழுந்தன. குடியிருப்போரில் பலர் ஓய்வு பெற்றவர்கள். வீட்டுப் பத்திரத்தில் பெயர் இருக்கும் பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். மாதாமாதம் வசூலாகும் மெயின்டனன்ஸ் வாட்ச்மேன் சம்பளத்துக்கும், மோட்டார், லிஃப்ட் கரண்டு பில்லுக்கும், பெருக்கிக் கூட்டுவதற்கும் சரியாகப் போய்விடும். பில்டர் ஒப்படைக்கும்போது கொடுத்த கார்ப்பஸ் தொகை, அப்படி ஒன்று கொடுக்கப்பட்டிருந்தால், வங்கியில் கிடக்கும். மொட்டை மாடி ஒழுகத் தொடங்கும் நாளில்தான் அதன் ஞாபகம் வரும்.

அந்தத் தொகை போதுமா என்று முன்கூட்டியே கணக்கிடுவதைத்தான் அமெரிக்காவில் கட்டமைப்புச் சேமநிதி ஆய்வு என்கிறார்கள். கட்டடத்தின் பொது உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவது, பொறியாளர் நேரில் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மிச்சமுள்ள ஆயுளை மதிப்பிடுவது, மாற்றவோ பழுதுபார்க்கவோ ஆகும் செலவைப் போடுவது, ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று வகுப்பது. பொறியாளர் பார்வை போக மிச்சத்தைக் கூட்டல் வகுத்தல் தெரிந்த எந்தச் சங்கமும் செய்துவிடலாம்.

24 வீடுள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். செலவுத் தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 6 லட்சம், ஆண்டுக்கு 60,000. வெளிச்சுவர் விரிசல் அடைத்து வண்ணம் பூச 7 ஆண்டுக்கு ஒருமுறை 8.4 லட்சம், ஆண்டுக்கு 1.2 லட்சம். லிஃப்ட் மாற்ற 20 ஆண்டில் 18 லட்சம், ஆண்டுக்கு 90,000. சம்ப், மேல்தொட்டி, மோட்டார், குழாய்களுக்கு 10 ஆண்டில் 3 லட்சம், ஆண்டுக்கு 30,000. தூண், விட்டம், பால்கனிகளில் கான்கிரீட் பழுதுபார்க்க 25-ஆம் ஆண்டில் 15 லட்சம், ஆண்டுக்கு 60,000. கூட்டினால் ஆண்டுக்கு 3.6 லட்சம். வீட்டுக்கு மாதம் 1,250 ரூபாய். வாட்ச்மேனுக்கும் லிஃப்டுக்கும் கொடுப்பது போக இது தனி. பொதுக்குழுவில் இந்த எண்ணைச் சொன்னதுமே எழும் எதிர்ப்பு, அடுக்குமாடியில் குடியிருந்த எவருக்கும் புதிதல்ல.

கான்கிரீட்டுக்கான அந்தக் கடைசி ஒதுக்கீட்டைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுவார்கள். வண்ணம் வெளுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. தூணுக்குள் இருக்கும் கம்பி தெரிவதில்லை. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றின் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்பு சேர்ந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும்; அந்த நெருக்கலில் மேல்பூச்சு வெடித்துச் சில்லுச் சில்லாக உதிரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீரே உவர்ப்பு. அதைக் கலவைக்கு ஊற்றினால் கட்டும் நாளிலேயே உப்பு உள்ளே போய்விடுகிறது. உள்டெல்டாவின் களிமண்ணுக்கு வேறு குணம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து வாய்க்கால்களில் தண்ணீர் வந்தால் ஊறி வீங்கும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத அடித்தளம் போட்ட கட்டடம் ஆண்டுதோறும் கொஞ்சம் எழுந்து கொஞ்சம் அமர்கிறது. சென்னைக்கென்று போட்ட பழுதுபார்ப்புக் கணக்கைத் தஞ்சாவூருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இந்த மண் ஒன்றே போதும்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது 98 உயிர்களைக் கொடுத்த பிறகு. மயாமிக்கு அருகில் சர்ஃப்சைட் என்னும் கடற்கரை ஊரில் 1981-இல் கட்டப்பட்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத், 12 மாடி, 136 வீடு. நீச்சல்குளத்தைச் சுற்றிய தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டுப்போய், கீழுள்ள கான்கிரீட் தளம் பெரிதும் சேதமடைந்திருப்பதை 2018-இலேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தது. உரிமையாளர்கள் கூடினார்கள், வாதிட்டார்கள், நிர்வாகிகள் விலகினார்கள். செலவு ஏறிக்கொண்டே போய்ச் சுமார் 1.5 கோடி டாலரில் நின்றது. சேமநிதியில் இருந்ததோ சுமார் 7 லட்சம் டாலர். வீட்டுக்கு வீடு தனி வரி போட்டு வேலையைத் தொடங்க 2021 ஏப்ரலில் முடிவானது. ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் ஏறத்தாழப் பாதி சரிந்தது.

பொறியாளருக்குத் தெரியாமல் நடந்த விபத்தாக இதைக் கொள்ள முடியாது. ஆய்வு நடந்திருந்தது, அறிக்கை கையில் இருந்தது, பணம் இல்லை. பணம் சேராமல் போனதற்குச் சட்டமே வழி விட்டிருந்தது: ஃப்ளோரிடாவில் உறுப்பினர்கள் பெரும்பான்மையாக வாக்களித்தால் அந்த ஆண்டுக்கான சேமநிதியைக் கட்டாமலே விட்டுவிட முடிந்தது. 2022 மே மாதச் சட்டம் கை வைத்தது இந்த இடத்தில்தான். மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை சேமநிதி ஆய்வு கட்டாயமானது. கூரை, தாங்கு கட்டமைப்பு, நீர்த்தடுப்பு, குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கான ஒதுக்கீட்டை 2024 முடிவுக்குப் பிறகு வாக்கெடுத்துத் தள்ளிவைக்க முடியாது என்றானது.

இதனால் அங்கே நேர்ந்த துன்பத்தையும் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு சேர்க்காததைச் சில ஆண்டுகளில் சேர்க்கச் சொன்னதால் மாதக் கட்டணம் எகிறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர் பலர் வீட்டை விற்றுவிட்டுப் போக நேர்ந்தது. 2025-இல் சட்டசபை கெடுவை நீட்டி, வங்கிக் கடன் வரம்பைச் சேமநிதிக்கு ஈடாகக் காட்டவும் இடம் கொடுத்தது. தாமதமாக வந்த கடமை ஏழை முதியவர் தலையில் விழும் என்பது ஸ்ரீரங்கத்து அடுக்குமாடிகளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை. ஐந்தாம் ஆண்டில் மாதம் 1,250 கொடுப்பவரால் முப்பதாம் ஆண்டில் ஒரே தவணையாகச் சில லட்சங்களைப் புரட்ட முடியாது.

இந்தியாவில் இந்த வழியில் முந்திப் போனது மகாராஷ்டிரம். அங்கே கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி விதிகள், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதத்தைச் சிங்கிங் ஃபண்ட் என்னும் சேமநிதிக்குக் கட்டச் சொல்கின்றன. பழுதுபார்ப்புக்கு 0.75 சதவீதம் தனி. 15 முதல் 30 வயதுள்ள கட்டடத்துக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும், 30-ஐத் தாண்டியதற்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டமைப்புத் தணிக்கை உண்டு. மும்பையின் கடற்காற்றும் மழையும் கற்பித்த விதிகள் இவை.

தமிழ்நாட்டில் பார்வை வேறு முனையிலிருந்து வந்தது. 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்தின் இடத்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்து மறுபடி கட்டலாம். எல்லாரும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்ற நிலையில் ஒருவரே அனைவரையும் முடக்க முடிந்ததால், இந்த மாற்றம் அவசியமானது. ஆனால் அது முடிவுரைக்கான சட்டம். 2016-இன் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தொடக்கத்தைக் கவனிக்கிறது: ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆறாம் ஆண்டிலிருந்து இடிக்கும் நாள் வரை உள்ள நீண்ட நடுக்காலம் சங்கத்தின் பொறுப்பு. கட்டடம் வாழ்வதும் கெடுவதும் அந்த நடுக்காலத்தில்தான்.

2021 டிசம்பர் 27 அன்று சென்னைத் திருவொற்றியூரில், அரிவாக்குளத்தில், முன்னாள் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில் 24 வீடுகள் கொண்ட பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தவர்கள் வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. குடியிருந்தவர்களின் கண்தான் அன்று தணிக்கை செய்தது. எல்லாக் கட்டடமும் அப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விழுவதில்லை. 2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ என்ற குடியிருப்பில் ஒரு கோபுரத்தின் தளங்கள் சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கான்கிரீட்டில் குளோரைடு மிகுந்திருந்ததை ஐஐடி தில்லி வல்லுநர்கள் கண்டார்கள்.

டெல்டாவுக்கு இந்தப் பாடம் அணைக்கட்டு வடிவில் வந்தது. முக்கொம்பு மேலணையை ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, மேட்டூரிலிருந்து வெள்ளம் வந்துகொண்டிருந்தபோது, கொள்ளிடப் பகுதியின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போயிற்று. பழைய அணையின் அருகில் ரூ.387.60 கோடி மதிப்பில் புதிய கதவணை கட்டப்பட்டது. 182 ஆண்டு நின்ற ஒரு கட்டுமானத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயது தெரிந்த ஒன்றுக்கு மாற்றுச் செலவை ஆண்டுவாரியாக ஒதுக்கி வந்தோமா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1858-இல் சென்னை மாகாண அரசு ஊராரின் மராமத்து உழைப்பைச் சட்டப்படிக் கட்டாயமாக்கியது. வரியைத் தான் எடுத்துக்கொண்டு வேலையை ஊரிடம் விட்டதால் அந்தச் சட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. தமிழகக் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மாஸ், குடிமராமத்து என்று நாம் போற்றும் தன்னாட்சி மரபின் ஒரு பகுதியே காலனி அரசு தன் வசதிக்கு வரைந்த சித்திரம் என்று வாதிட்டிருக்கிறார். அதை முழுதும் ஏற்காவிட்டாலும், உழைப்பைக் கட்டாயமாக்கி நிதியைக் கட்டாயமாக்காத ஏற்பாடு நிலைக்காது என்பது அந்த வரலாற்றில் தெளிவாகவே இருக்கிறது.

கால ஒழுங்கும் டெல்டாவுக்குப் புதியதல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. அதற்கு முன் திருப்பணி நடக்கும்: விமானத்தில் முளைத்த செடி பிடுங்கி, விரிசல் அடைத்து, அட்டபந்தன மருந்து புதிதாகச் சாத்துவார்கள். ஃப்ளோரிடாவின் பத்தாண்டுச் சுற்றுக்கு அது வெகு அருகில் இருக்கிறது. ஆனால் பெரிய கோயிலிலேயே அண்மைக் குடமுழுக்குகள் 1980, 1997, 2020 என்று தள்ளித் தள்ளி நடந்தன. மரபு நினைவூட்டும், கட்டாயப்படுத்தாது.

முதல் வைத்து வட்டியில் செலவு செய்யும் பழைய முறை ஒருகாலப் பூசைத் திட்டத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வருமானம் இல்லாத கோயிலின் பெயரில் ஒரு தொகையை வைப்பு வைத்து, அதன் வட்டியில் நாள்பூசை நடக்கிறது. கோயிலுக்கு ஒரு லட்சமாக இருந்த வைப்பு போதாமல் 2022-இல் 12,959 கோயில்களுக்கு இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. ஏன் உயர்த்த நேர்ந்தது என்பதில்தான் சங்கங்களுக்கான செய்தி இருக்கிறது. எண்ணெய் விலை ஏறியது, முதல் ஏறவில்லை. இராசராசன் காலத்து ஆடு விலைவாசியோடு தானும் ஏறக்கூடிய முதல்; நெல்லாக அளந்த வட்டியும் அப்படித்தான். வங்கி வைப்பு அப்படி ஏறாது. கட்டுமானச் செலவு ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு ஏறினால் 12 ஆண்டில் இருமடங்காகிறது. வைப்பு வட்டிக்கு வருமான வரியும் உண்டு. உறுப்பினர் தமக்குள் சேர்த்த பணம் என்ற வாதம் வங்கி வட்டிக்குச் செல்லாது என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில்டர் கொடுத்த கார்ப்பஸை அப்படியே வைத்திருக்கிறோம் என்று பெருமைப்படும் சங்கம், உண்மையில் ஆண்டுதோறும் அதைக் கரையவிடுகிறது. மேலே போட்ட 1,250 ரூபாயும் ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறியாக வேண்டும். ஏற்றத்தை முதல் ஆண்டிலேயே விதியில் எழுதிவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் சண்டை வராது.

சங்கங்கள் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கின்றன. துணைவிதிகளை அவற்றின் உறுப்பினர்களே எழுதுகிறார்கள். ஆகையால் அரசு சட்டம் கொண்டுவரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டமைப்புச் சேமநிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, அதிலிருந்து வாட்ச்மேன் சம்பளமும் பொங்கல் விழாச் செலவும் எடுக்கத் தடை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளிப் பொறியாளர் ஆய்வு, சாதாரணப் பெரும்பான்மையால் ஒதுக்கீட்டை நிறுத்த முடியாது என்ற விதி, கணக்குக் காட்டாத பொறுப்பாளர் மறுபடி போட்டியிட முடியாது என்ற விதி. கடைசியாகச் சொன்னது உத்திரமேரூரில் கல்லில் வெட்டப்பட்டு ஆயிரத்து நூறு ஆண்டு ஆகிறது. பராந்தகன் விதித்த உறவினர் தடையை இன்று யாரும் கேட்கப் போவதில்லை. கணக்குக் கேட்பதையாவது விடாமல் செய்யலாம்.

வீடு கைமாறும் இடம்தான் மிகவும் பலவீனமானது. முதல் பதினைந்து ஆண்டு குறைந்த மெயின்டனன்ஸ் கட்டிவிட்டு ஒருவர் விற்றுப் போகிறார். அவர் கட்டாமல் விட்ட பங்கு, வாங்கியவர் தலையில் கான்கிரீட் பில்லாக வருகிறது. ஃப்ளோரிடாவில் இப்போது விற்பவர் சேமநிதி ஆய்வின் நகலை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும். தஞ்சாவூரில் பிளாட் வாங்குபவர் முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார், தாய்ப்பத்திரம் பார்க்கிறார், வக்கீலிடம் கருத்து கேட்கிறார், பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று அளக்கிறார். அடமானம் இருந்தால் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். சங்கத்தின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டு எண்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை. விற்பனைக்குச் சங்கம் கொடுக்கும் தடையில்லாச் சான்றில் அந்த இரண்டு எண்களையும் எழுதச் செய்ய, ஒரு பொதுக்குழுத் தீர்மானம் போதும்.